கரண்டியிலும் கத்தியிலும் கடவுட்பணி

மக்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளை இரு கூறாக வகுத்துக்கொண்டே வாழ்கின்றனர். ஒரு கூறு கடவுளுக்குரியது, மற்றையது வயிற்றுக்குரியது. கோயிலுக்குச் செல்லும் காலைப்பொழுதும் வீட்டிலே விளக்கேற்றும் மாலைப்பொழுதும் முதற் கூற்றைச் சேரும். கந்தோரும் கடையும் வயலும் வகுப்பறையும் இரண்டாங் கூற்றைச் சேரும். முதற் கூற்றிலே பணிவும் மெய்யும் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். இரண்டாங் கூற்றிலே அவை எவ்வளவுக்கு வேண்டும் என்று வினவினால் விடை சற்றே தடுமாறும். இத்தடுமாற்றம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. வெள்ளிக்கிழமை கோயிலிலே கைகூப்பியவரும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலே முழந்தாளிட்டவரும், திங்கட்கிழமை காலையில் ஒரே பேருந்தில் ஏறி ஒரே வகையான வேலைக்கே செல்கின்றனர்.

வழிபாட்டையும் பிழைப்பையும் ஒன்றுசேர்க்க முயன்ற பெரியோர் எல்லாச் சமயங்களிலும் உளர். நம் நாயன்மாருள் திருநீலகண்டர் மட்பாண்டம் வனைந்தவர். திருக்குறிப்புத் தொண்டர் ஆடை வெளுத்தவர். அதிபத்தர் கடலிலே வலை வீசியவர். நேசர் துணி நெய்தவர். இவர்கள் தொழிலின் வாயிலாகவே அடியாராயினர். இவ்வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, கிறித்தவ சமயத்தாரிடத்தும் இவ்வினா எழுந்ததா, எழுந்ததாயின் அவர்கள் அதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்று அறியும் ஆவல் உண்டாதல் இயல்பே. அவ்விடைகளுள் ஒன்று யாழ்ப்பாணத்து மண்ணிலே, தமிழ் மொழியிலே எழுதப்பட்டது. அதனை அடைவதற்கு முன், வேறு சில இடங்களுக்கும் வாசகரை அழைத்துச் செல்லக் கருதுகின்றோம்.

தச்சுப் பட்டறையும் மடத்துச் சமையலறையும்

இயேசுநாதரை அவருடைய ஊரவர் தச்சர் என்றே அறிந்திருந்தனர் என்று மாற்கு சுவிசேஷம் கூறுகின்றது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரிலே தங்கிய காலத்துக் கூடாரஞ் செய்யும் தொழிலைச் செய்து வாழ்ந்தார் என்பது அப்போஸ்தலர் நடபடிகளிற் காணப்படும் செய்தி. கைத்தொழிலை இழிவாகக் கருதிய உயர்குடியினர் பலர் வாழ்ந்த உரோம உலகிலே இஃது எண்ணத்தக்கதொரு வேறுபாடாகும். ஆறாம் நூற்றாண்டிலே இத்தாலி நாட்டுத் துறவியாகிய புனித பெனடிக்ற் தம் மடத்தாருக்கு ஒழுங்குவிதி வகுத்தபோது, மடத்தின் கருவிகளையும் பண்டங்களையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலவே பேணுதல் வேண்டும் என்று விதித்தார். அம்மடத்திலே மண்வெட்டியை மழையில் எறிந்துவிட்டு வழிபாட்டுக்கு ஓடுதல் குற்றமாகும்.

ஆயினும், காலஞ் செல்லச் செல்ல, இறைவனால் அழைக்கப்பட்டவர் என்னும் பெயர் துறவியருக்கும் குருமாருக்குமே உரியதென்ற எண்ணம் ஐரோப்பாவிலே வேரூன்றிற்று. உழவனும் கொல்லனும் குழந்தை வளர்க்கும் தாயும் அவ்வழைப்புக்குப் புறம்பானவராயினர். பதினாறாம் நூற்றாண்டிலே ஜெர்மனி நாட்டு மாட்டின் லூதர் (1483–1546) இவ்வெண்ணத்தை எதிர்த்தார். அயலவனுக்குப் பயன்படும் நேர்மையான தொழில் எதுவாயினும் அதுவும் இறைவனின் அழைப்பே என்பது அவருடைய போதனைகளுள் ஒன்று.

அவருக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், லூதரை ஏற்காத கத்தோலிக்க மடமொன்றிலேயே இவ்வுண்மை மீண்டும் வேறொரு வடிவிலே தோன்றிற்று. பிரான்சிலே லொரேன் நாட்டிற் பிறந்த நிக்கொலாஸ் ஹேர்மன் என்பார், போர்வீரராய் இருந்து காலிலே காயமுற்றவர்; பின்னர்ப் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்திலே சகோதரர் லோறன்ஸ் என்னும் பெயருடன் சேர்ந்தார். மடத்திலே அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. அவ்வேலையிலே அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்தது. வெறுத்த வேலையையே பதினைந்து ஆண்டுகள் அவர் செய்தார். ஒரு முறை மடத்துக்குத் திராட்சைமது வாங்கிவரும்படி அவரைத் தூரதேசம் அனுப்பினர். வியாபாரத் திறமையோ அவருக்கு இல்லை. கால் ஊனத்தினாலே படகில் நடமாட இயலாமல், மதுப் பீப்பாய்களின் மேலே உருண்டு உருண்டு சென்றே அலுவலை முடித்தார்.

இத்தகைய ஒருவரை, அவர் இறந்து (1691) முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் நினைவிற் கொண்டிருப்பதற்குக் காரணம் யாது? சமையலறையின் இரைச்சலுக்கு நடுவிலே, பலர் ஒரே நேரத்திற் பல பொருள்களைக் கேட்டுக் கூவும் வேளையிலும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் அமைதியோடு இருக்கப் பழகிக்கொண்டார் என்பதே. நிலத்திற் கிடக்கும் துரும்பொன்றை எடுப்பதாயினும் அதனை இறைவன்மேல் வைத்த அன்பினாலே எடுக்கலாம் என்பது அவர் கண்ட வழி. பெரிய காரியம் வாய்க்குமட்டும் அவர் காத்திருக்கவில்லை; கையில் இருந்த கரண்டியோடே தொடங்கினார்.

வேலையின் தரம்

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். கரண்டிக்குச் சமயம் உண்டா? கிறித்தவன் சமைத்தால் சோறு வேறு விதமாக வேகுமா? வேகாது. தொழிலின் விதிகளை விசுவாசம் மாற்றிவிடாது. கணக்கைப் பிழையாகக் கூட்டிவிட்டுப் பிரார்த்தனை செய்தால் விடை சரியாகிவிடாது. பக்தியுள்ள தச்சர் செய்த நாற்காலி ஆடுமாயின், அஃது ஆடும் நாற்காலியே. ஆதலால், தொழிலுக்குள்ளே விசுவாசத்தை வரவேற்பவன் முதலிலே தொழிலைச் செவ்வையாகக் கற்றாக வேண்டும்.

இதனைச் சங்கீத உலகிலே நன்கு உணர்ந்தவர் ஜெர்மனி நாட்டு ஜொஹான் செபஸ்தியான் பாக் (1685–1750). 1723ஆம் ஆண்டு முதல் இறக்கும்வரை லைப்சிக் நகரிலே ஆலய இசைக்கும் பாடசாலை இசைக்கும் பொறுப்பாக இருந்தார். தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய வாரந்தோறும் ஆலயத்துக்கென ஓர் இசையுருப்படி வேண்டியிருந்தது. எழுதிய தாள்கள் பலவற்றின் தலைப்பிலே இயேசுவின் உதவியை வேண்டும் இரண்டு எழுத்துக்களையும், முடிவிலே மகிமை கடவுள் ஒருவருக்கே என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துக்களையும் இட்டார். நாம் பிள்ளையார் சுழியிட்டு எழுதத் தொடங்குதலை இஃது ஒருவாறு ஒக்கும். ஆர்கன் வாத்தியத்துக்கு அவர் தொகுத்த சிறு நூலொன்றின் முகப்பிலோ இரு நோக்கங்களைச் சேர்த்துக் குறித்தார்: ஒன்று உன்னதக் கடவுளுக்கு மகிமை, மற்றொன்று அயலவன் அதனாற் கற்றுக்கொள்ளுதல். அவர் கருத்திலே இவ்விரண்டும் பிரியாதவை.

பாக்கின் பக்தி அவரைக் குறைகண்டு வாளாவிருக்கச் செய்யவுமில்லை. பாடுவோர் தொகையும் வாத்தியக்காரர் தொகையும் போதாமையினால் ஆலய இசை தரங்குன்றுகின்றது என்று 1730ஆம் ஆண்டிலே நகரசபைக்கு விரிவான முறைப்பாடொன்றை எழுதினார். இறைவனுக்கு என்று செய்யும் வேலை அரைகுறையாக இருக்கலாம் என்பதை அவர் மனம் ஒப்பவில்லை.

மானிப்பாய்க்கு வந்த வைத்தியர்

இனி, எமது ஊருக்கு வருவோம். அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நியூ யோர்க்கிலே வைத்தியம் பயின்று பட்டம் பெற்ற அவர், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். 1848இலேயே சில இளைஞரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

அவர் சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. நோய் தீர்க்க வந்தோரிடத்துத் தம் சமயத்தை எடுத்துரைக்க அவர் தயங்கவில்லை. சைவ மக்கள் பலர் அதனை விரும்பவில்லை என்பதும் வெளிப்படை. அவருடைய விசுவாசத்தை ஏற்காத எம்போன்றோர், அவ்விசுவாசம் அவருடைய தொழிலை என்ன செய்தது என்று பார்த்தல் தகும்.

முதலாவது, அது அவரை இம்மக்களின் மொழியைக் கற்கச் செய்தது. யாழ்ப்பாணத்தவர் கிறித்தவராதல் வேண்டும் என்று விரும்பிய அவர், அவர்கள் தம் நாட்டியல்பை இழந்து வேற்றவராகிவிடுதலை விரும்பவில்லை. உடையிலும் உணவிலும் பேச்சிலும் தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மேனாட்டு உடையே நாகரிகம் என்று எம்மவருட் சிலர் எண்ணத் தொடங்கிய காலம் அஃது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, அவருடைய வகுப்பின் பயனை அவரே அயராது ஆராயும்படி செய்தது. ஆங்கிலத்திலே வைத்தியம் பயின்ற மாணாக்கர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சம்பளமும் மதிப்பும் அங்கேதான் இருந்தன. ஆனால், கிராமத்திலே காய்ச்சலாற் கிடக்கும் பிள்ளைக்கு அவ்வைத்தியரால் வந்த நன்மை யாது? தாம் அளித்த கல்வி, தாம் யாருக்காக வந்தாரோ அவர்களைச் சென்றடையவில்லை என்பதைக் கிறீன் கண்டார். ஆகவே, உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்று 1862ஆம் ஆண்டிலே மீண்டு வந்தபின், துணிவானதொரு மாற்றத்தைச் செய்தார். 1864ஆம் ஆண்டு முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலே தங்குவர், தம்மவரோடு அவர் மொழியிலே பேசி நோய் தீர்ப்பர் என்பது அவர் எண்ணம்.

மாணாக்கர் எல்லாரும் இதனை மகிழ்ந்து ஏற்றனர் என்று எண்ணற்க. ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வாயில்; தமிழோ கிராமத்துக்கு வழி. எந்த இளைஞன் எதை நாடுவான் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. கிறீன் அவ்வெதிர்ப்பையும் பொறுத்துக்கொண்டார்.

நாலாயிரம் பக்கங்கள்

தமிழிலே கற்பிப்பதாயின் தமிழிலே நூல் வேண்டும். மேனாட்டு வைத்திய நூல்களுக்குரிய சொற்களோ அன்று தமிழிற் பெரும்பாலும் இல்லை. கிறீன் தம் மாணாக்கருடன் அமர்ந்து அச்சொற்களைத் தேடலானார். தமிழிலே உள்ள சொல்லை முதலில் நாடினர். அது கிடையாதவிடத்து வடமொழிச் சொல்லைக் கொண்டனர். அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலியையே தமிழெழுத்திற் பெயர்த்தனர். உடலமைப்பு நூல் அங்காதிபாதம் ஆயிற்று. உடற்றொழில் நூல் சுகரணம் ஆயிற்று. சத்திர சிகிச்சை நூல் இரணவைத்தியம் ஆயிற்று. இரசாயன நூல் கெமிஸ்தம் என்னும் பெயர் பெற்றது.

இரணவைத்தியம் 1867ஆம் ஆண்டிலே வெளிவந்தது. புண்ணிலே சீழ் பிடியாமற் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் பிரித்தானியாவிலே கட்டுரைகளாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேதான். இலண்டனிலே 1858ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த கிறே என்பாரின் உடலமைப்பு நூல், பதினான்கு ஆண்டுகளின் பின் 1872இலே மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழில் வந்தது. வைத்தியாகரம் என்னும் பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டே. இவ்வாறு மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் திருத்தியும் அவர் தமிழுக்கு அளித்தவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவரிடம் வைத்தியம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

1873ஆம் ஆண்டிலே கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். பின்னர் அவர் திரும்பி வரவில்லை. நோயுற்ற உடலோடு வூஸ்டரிலே தம் குடும்பத்தாருடன் ஓய்ந்திருந்திருக்கலாம். அதனைத் தவறென்று யாரும் கூறியிரார். அவரோ தமிழ் நூல்களின் வேலையை விடவில்லை. கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மீண்டும் காணப்போவதில்லை என்று தெரிந்த மக்களுக்காக, அவர்களுடைய மொழியிலே, கடல் கடந்த ஓர் ஊரிலிருந்து எழுத்தெழுத்தாகத் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டிலே இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்பதையும் தம் இயேசு பக்தியையும் மட்டும் தம் கல்லறையிலே பொறிக்க விரும்பினார். மானிப்பாயிலே அவர் பெயரால் அமைந்த கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவரை எமக்கு நினைவூட்டுகின்றது.

கண்காணிப்பார் இல்லாத இடத்திலே, கைம்மாறு வராத காலத்திலே ஒருவன் செய்யும் வேலைதான் அவனுடைய நம்பிக்கையின் அளவுகோல் என்போம். கிறீன் பிறரிடம் உரைத்த சமயபோதனையைக் காட்டிலும், வூஸ்டரிலே அவர் திருத்திய பக்கங்கள் அவருடைய விசுவாசத்தை எமக்குத் தெளிவாக உணர்த்துகின்றன.

ஒரே ஆண்டிற் பிறந்த இருவர்

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலே நல்லூரிலே பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் வைத்திய வகுப்பைத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டிலே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலே உழைத்த நாவலர், மிஷனரிமாரின் முறைகளை உள்ளிருந்தே அறிந்தவர். பின்னர்ப் பாடசாலையும் அச்சகமும் நடத்திச் சைவத்தைக் காக்க அவர்களை எதிர்த்து நின்றார்.

சமயத்திலே இவ்விருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆயினும், பாலபாடத்தை எழுதிய நாவலரின் கையும் இரணவைத்தியத்தைத் திருத்திய கிறீனின் கையும் செய்த வேலை ஒருவகையில் ஒன்றே. சாதாரணத் தமிழ்ப் பிள்ளை படித்து விளங்கிக்கொள்ளும் உரைநடையிலே அறிவைக் கொண்டுவந்து வைத்தல் வேண்டும் என்று இருவரும் உழைத்தனர். இருவர்க்கும் அவ்வுழைப்பு வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஒருவரைப் போற்றுவதற்காக மற்றவரைத் தூற்றுதல் வேண்டுவதில்லை.

எமக்கு எஞ்சியிருக்கும் வினா

இவ்வரலாற்றின் முடிவு முற்றும் மகிழ்ச்சி தருவதன்று. 1870ஆம் ஆண்டிலே கொழும்பில் வைத்தியக் கல்வி ஆங்கில மூலம் தொடங்கிற்று. கிறீன் சென்ற பின் சில ஆண்டுகளிலே மானிப்பாயின் தமிழ் வைத்திய வகுப்பு நின்றுபோயிற்று. அவருடைய நூல்கள் நூலகங்களிலே அரும்பொருளாயின. ஊரிலே தங்கும் வைத்தியரை உண்டாக்க எண்ணிய ஒருவரின் முயற்சியை, ஊரைவிட்டுச் செல்லும் ஆவல் வென்றுவிட்டது. அவ்வாவல் எந்த வீட்டிலும் இன்றும் அடங்கியபாடில்லை என்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிவர்.

படிப்பை முடித்த பிள்ளைகள் வெளியூர் செல்லலாகாது என்று நாம் கூறவில்லை. கிறீனே கடல் கடந்து வந்தவர்தானே! நாம் கேட்பது வேறு. பெற்ற திறமை யாருக்காக என்னும் கேள்வியை எந்த ஊரிலே இருப்பினும் நாம் கேட்டுக்கொள்கின்றோமா என்பதே.

கிறித்தவக் குடும்பத்தார் இவ்வரலாறுகளைத் தம் முன்னோரின் செல்வமாகக் கொள்வர். ஏனையோர் அயல்வீட்டு விளக்கின் ஒளியாகக் கொள்ளலாம். எவர்க்கும் பயன்படுவன சில உள. விரும்பாத வேலையே முதலிற் கைக்கு வருமாயின், சகோதரர் லோறன்சின் சமையலறையை நினைத்துப் பார்க்கலாம். கணக்கு எழுதும் லிகிதரும், பயிற்சிக் கொப்பி திருத்தும் ஆசிரியரும், தோசைக்கு மா அரைக்கும் தாயும், வேலையைத் தொடங்குமுன் ஒரு கணம் நின்று, இஃது இறைவன் முன்னே செய்யப்படுவது, இன்னாருடைய நன்மைக்காகச் செய்யப்படுவது என்று எண்ணுவாராயின், அவ்வெண்ணம் பிழைகளைத் தேடித் திருத்தும் பொறுமையைத் தரும். அவ்வாறு திருத்தாமல், பக்தியைச் சொல்லி அரைகுறை வேலையை மூடுவாராயின், அஃது இறைவனையும் அயலவனையும் ஒருங்கே ஏமாற்றுவதாகும்.

மாணவருக்குத் தனியாக ஒன்று கூறுவோம். நீர் கற்றவற்றுள் ஒரு பாடத்தை, உம்மூரிலே அதனைக் கற்க வாய்ப்பில்லாத ஒரு பிள்ளைக்கு, அப்பிள்ளைக்கு விளங்கும் தமிழிலே எழுதிக் கொடும். ஒரு பக்கமே போதும். எழுதும்போது சொல் கிடையாது. கிடைத்த சொல் பொருந்தாது. பொருந்திய சொல்லும் பிள்ளைக்கு விளங்காது. அடித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கும். அவ்வாறு நாலாயிரம் பக்கம் எழுதி முடிக்க ஒருவரிடத்தே என்ன இருந்திருத்தல் வேண்டும் என்பது அப்போது உமக்கே புலனாகும்.